நான்கு மிதி பிரேக்

எங்கே வேலை செய்கிறீர்கள் என்று புதிதாகப் பழகுகிறவர்கள் கேட்டால், "ஒரகடத்துல ஒரு கம்பெனி" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். ஒரகடத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கம்பெனிதான், அதனால் பலர் அத்துடன் விட்டுவிடுவார்கள். சிலர் "என்ன கம்பெனி?" என்பார்கள். "கார் உதிரி பாகம்" என்பேன். "என்ன பாகம்?" என்று மூன்றாவது கேள்வியும் கேட்கிறவர்களிடம், இந்த வருடம் வெயில் கொஞ்சம் அதிகம்தான் என்று பேச்சை மாற்றிவிடுவேன்.

நாங்கள் செய்வது பிரேக். நான் இருப்பது தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு. இதை வெளியில் சொல்லாமல் இருப்பதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காரணம். (கம்பெனிக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்தப் பெருமை முழுக்க என்னுடையது.)

முதலில் என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு டிரேயில் கட்டைவிரல் அளவு இரும்பு உருளைகள் வரும். ஒவ்வொன்றையும் ஒரு வளையத்துக்குள் நுழைத்துப் பார்ப்பேன். நுழைந்தால் பச்சை ஸ்டிக்கர், நுழையாவிட்டால் சிவப்பு ஸ்டிக்கர். பத்து வருடமாக இதைச் செய்கிறேன். அந்த உருளை அடுத்து எங்கே போகிறது, எதற்குள் உட்காருகிறது, அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. உப்பு மூட்டை தைக்கிறவன் தன்னை பிரியாணி மாஸ்டர் என்று சொல்லிக்கொண்டால் எப்படியோ, அப்படித்தான் நான் என்னை பிரேக் நிபுணன் என்று சொல்லிக்கொண்டதும்.

சொல்லிக்கொண்டது என் மாமனாரிடம். அவர் ஆரோக்கியசாமி, தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். சேரப்பணஞ்சேரியில் எங்கள் வாடகை வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. வேலை பார்த்த காலம் முழுக்க சைக்கிள் மிதித்தவர், ஓய்வு பெற்றதும் யாரோ ஓட்டி முடித்த வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினார். தினமும் காலையில் பழைய வேட்டியை நனைத்து அதைத் துடைப்பார். ஞாயிறு பூசைக்கு அதில்தான் போவார். மனசு சந்தோஷமாக இருந்தால் வல்லக்கோட்டை வரை ஓட்டிப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவார். அந்தக் காரின் வயது யாருக்கும் சரியாகத் தெரியாது. அவரிடம் கேட்டால் கோபம் வரும்.

கல்யாணமாகி ஆறு வருடம் ஆகியும் அவருக்கு என் வேலை என்னவென்று புரியவில்லை. "மாப்ள கம்பெனில ஏதோ ஸ்டிக்கர் ஒட்றாரு" என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவந்தார். அது பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்கிறபோது சுகமாக இருக்காது.

ஒரு நாள் அவர் சொன்னார். "மாப்ள, பிரேக்க மிதிச்சா கீச்சு கீச்சுங்குது. மெக்கானிக்காண்ட வுடலாம்னு கீறேன். அடுத்த ஞாயித்துக்கிழம ஷீலாவுக்கு நிச்சயம். வண்டி சத்தம் போட்டா நல்லா இருக்காது."

ஷீலா என் மனைவியின் தங்கை. மாப்பிள்ளை வீட்டார் மறைமலை நகர்க்காரர்கள்.

"மெக்கானிக் எதுக்கு மாமா? நான் பாத்துக்கறேன்."

"உங்களுக்கு இதெல்லாம் தெரிமா?"

"மாமா, நான் வேல செய்றதே பிரேக் கம்பெனிலதான்."

அவர் என்னைப் பார்த்தார். ஆறு வருடத்தில் முதல் தடவையாக, ஸ்டிக்கர் ஒட்டாத ஒரு மனிதனைப் பார்ப்பது போல. சாவியை இரண்டு கையாலும் கொடுத்தார். அந்தப் பார்வைக்காகத்தான் அதன்பின் நடந்தது அத்தனையையும் செய்தேன். இன்னொரு தடவை அப்படிப் பார்ப்பார் என்றால் இன்னொரு தடவையும் செய்திருப்பேன், அவ்வளவு முட்டாள்.

அந்த வாரம் எனக்கும் என் மனைவி ஸ்டெல்லாவுக்கும் இரண்டாம் ஷிப்ட். மதியம் கம்பெனி பஸ் வரும்வரை காலை நேரம் முழுக்க எங்களுடையது. திங்கட்கிழமை காலை, காரை எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தி, ஜாக்கி போட்டுத் தூக்கி, முன்சக்கரங்களைக் கழற்றினேன். ஒரு வீடியோவில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் இதைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல் பன்னிரண்டு நிமிடத்தில் செய்தார். எனக்கு ஆறு நாள் ஆனது. (தொப்பி இல்லாதது ஒரு காரணமாக இருக்கலாம்.)

கீச்சுச் சத்தத்துக்குத் தேய்ந்த பிரேக் கட்டையை மாற்றினால் போதும் என்று இப்போது எனக்குத் தெரியும். அந்த வீடியோவில் அவர் சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் என்ற பெரிய இரும்புத் துண்டையே கழற்றி, கழுவி, சிவப்புப் பெயின்ட் அடித்தார். பார்க்க ரொம்ப அழகாக இருந்தது. நானும் இடது பக்கக் காலிப்பரையும் வலது பக்கக் காலிப்பரையும் கழற்றினேன். கழற்றும்போது பிரேக் ஆயில் ஒழுகியது. இரண்டுக்கும் சிவப்புப் பெயின்ட் அடித்து, செய்தித்தாள் விரித்து, பக்கத்தில் பக்கத்தில் காய வைத்தேன். அந்த வழியாகப் போன பக்கத்து வீட்டு அம்மா, "இன்னாது தம்பி, கருவாடா?" என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை அவற்றைத் திரும்ப மாட்டினேன். மிச்சம் ஒரு போல்ட் கூட இல்லை. பெருமையாக உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்தேன். பெடல் நேராகத் தரைக்குப் போய், அங்கேயே படுத்துக்கொண்டது.

இதற்குக் காரணம் எனக்குத் தெரிந்திருந்தது. பிரேக்கை மிதிக்கும்போது குழாயில் இருக்கும் எண்ணெய்தான் அந்த அழுத்தத்தைச் சக்கரம் வரைக்கும் கொண்டுபோகிறது. குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால், நாம் மிதிக்கிற மிதியெல்லாம் அந்தக் காற்றை அமுக்குவதிலேயே தீர்ந்துவிடும். அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும். ஒவ்வொரு சக்கரத்திலும் நிப்பிள் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். உள்ளே ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்துக்கொள்ள, கீழே ஒருவர் நிப்பிளைத் திறந்தால் எண்ணெயோடு காற்றும் குமிழியாக வெளியே வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் மிதித்தவர் காலை எடுக்க வேண்டும். முன்னாலேயே எடுத்துவிட்டால், போன காற்று அதே வழியாகத் திரும்பி வந்துவிடும். ஆக இரண்டு பேர் வேண்டும், இரண்டு பேருக்குள்ளும் ஒற்றுமை வேண்டும்.

ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன்.

ஸ்டெல்லாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவளும் ஒரு தொழிற்சாலையில்தான் வேலை செய்கிறாள். மின்னணுப் பலகைகளை உருப்பெருக்கிக்கு அடியில் வைத்து, எந்தத் துண்டாவது தலைகீழாகவோ இடம் மாறியோ உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. எட்டு மணி நேரம் அதையே பார்க்கிறாள். வீட்டில் காலண்டர் நூலளவு சாய்ந்திருந்தாலும் அவளுக்குத் தூக்கம் வராது.

"நான் மிதின்னா மிதி. பிடின்னா அப்படியே பிடிச்சுக்கோ. விடுன்னா விடு. வேற எதுவும் பண்ணாத" என்றேன்.

"மூணு வார்த்த. இதுகூடவா புரியாது?" என்று சொல்லி உட்கார்ந்தாள்.

நான் காருக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். "மிதி." மிதித்தாள். "பிடி." பிடித்தாள். நிப்பிளைத் திறந்தேன். செருகியிருந்த பிளாஸ்டிக் குழாய் வழியாக எண்ணெய் பாட்டிலுக்குள் இறங்கியது. அந்த நேரம் பார்த்து என் செல்போன் அடித்தது. லைனிலிருந்து சூப்பர்வைசர். நேற்றைய டிரே ஒன்றில் சந்தேகமாம், ஓகே செய்யலாமா என்று கேட்டார்.

"அதான் செக் பண்ணியாச்சே சார், விடுங்க" என்றேன்.

ஸ்டெல்லா விட்டாள். திறந்திருந்த நிப்பிள் வழியாகக் குழாய் 'சர்ர்ர்' என்று காற்றைக் குடித்தது.

"ஏன் விட்ட?"

"நீங்கதான விடுங்கன்னீங்க? மரியாதையா வேற சொன்னீங்க."

புதன்கிழமை போனை வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்தேன். அன்று எண்ணெய்த் தொட்டி காலியாவதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. குழாய் முழுக்க மறுபடியும் காற்று. வியாழக்கிழமை எல்லாம் ஒழுங்காக நடந்தது. மிதி, பிடி, விடு என்று தெருவே கேட்கும்படி ஒன்றரை மணி நேரம். வருகிற எண்ணெய் சுத்தமாக வந்தது. ஒரு குமிழி இல்லை. ஒரு காகிதத்தில் கட்டம் போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எதிரே 'காற்று இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பிறகு பெடலை மிதித்தேன். பஞ்சு மெத்தை.

இதற்கிடையில் படப்பையில் உதிரி பாகக் கடைக்கு நான்காவது தடவையாகப் போய் பிரேக் ஆயில் கேட்டேன். கடைக்காரர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "எத்தினி வண்டி சார் வெச்சிகினு கீறீங்க?"

"ஒன்னுதான்."

"லாரியா?"

"கார்."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சார், தப்பா நெனச்சிக்காதீங்க. இத குடிக்கக் கூடாது" என்றார்.

பிரேக் ஆயிலுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது காரின் பெயின்டைத் தின்னும். தொட்டியில் ஊற்றும்போது பக்கவாட்டில் கொஞ்சம் சிந்தியதை மறுநாள்தான் பார்த்தேன். அந்த இடத்தில் வெள்ளைப் பெயின்ட் பாலாடை மாதிரி சுருங்கி, தொட்டதும் கையோடு வந்தது. உள்ளங்கை அளவு இரும்பு தெரிந்தது. கோயில் வாசலில் விற்கும் மாதா படம் போட்ட ஸ்டிக்கர் ஒன்றை வாங்கி அதன் மேல் ஒட்டினேன். (ஸ்டிக்கர் ஒட்டுவது எனக்கு நன்றாக வரும்.) மாமனார் அதைப் பார்த்துக் கண் கலங்கினார். "இவ்ளோ பக்தி உங்களுக்கு இருக்கும்னு நெனைக்கல மாப்ள" என்றார். நானும் அந்தப் படத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஸ்டெல்லா காரைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். குனிந்து பார்த்தாள். இந்தப் பக்கம் வந்து மறுபடி குனிந்தாள்.

"ஏங்க, பின் சக்கரத்துல அந்த நிப்பிள் மேல இருக்கு. முன் சக்கரத்துல மட்டும் ஏன் கீழ இருக்கு?"

"அது டிசைன்" என்றேன்.

"ரெண்டு பக்கமும் கீழயே இருக்கே."

"ஸ்டெல்லா, இது உங்க கம்பெனி போர்டு கிடையாது. இது பிரேக்."

அவள் குழம்பு தாளிக்கப் போய்விட்டாள். அந்த வாக்கியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமென்றால் என் ஒரு மாத ஓவர்டைம் சம்பளத்தைக் கொடுப்பேன்.

அன்றுதான் நான் அந்தக் கண்டுபிடிப்பைச் செய்தேன். பெடலை ஒரு தடவை மிதித்தால் பஞ்சு. ஆனால் விடாமல் நான்கு தடவை மிதித்தால், நான்காவது மிதியில் கல் மாதிரி நிற்கிறது! இதை ஒரு கோளாறாக நான் பார்க்கவில்லை. நான்கு முறை மிதித்தால் நிற்கிற காரை நிற்காத கார் என்று எப்படிச் சொல்வது? பழைய வண்டி, கொஞ்சம் நிதானம், அவ்வளவுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். இஞ்சின் அணைந்திருக்கும்போது செய்த சோதனை அது. ஓடும்போது எத்தனை மிதி என்று நான் பார்க்கவில்லை.

கை பிரேக்கையும் சொல்லிவிட வேண்டும். பின் சக்கரத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடியபோது ஒரு ஸ்பிரிங் மிச்சமானது. அதன்பின் கை பிரேக்கை இழுத்தால், தடையே இல்லாமல் கூரையை நோக்கி வந்தது.

சனிக்கிழமை மாமனார் வந்தார். "முடிஞ்சுதா மாப்ள?"

"பாருங்க மாமா" என்று நான் முதலில் உட்கார்ந்து, இருமுவது போல இருமிக்கொண்டே நான்கு மிதி மிதித்துவிட்டு எழுந்தேன். அவர் உடனே உட்கார்ந்து மிதித்தார். கல். அந்தப் பார்வை மறுபடி வந்தது. இந்தத் தடவை அதை வாங்கிக்கொள்ளக் கொஞ்சம் கூசியது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். காலைப் பூசையை எங்கள் மாதா கோயிலில் எல்லோரும் சேர்ந்து பார்ப்பது, பிறகு மாமனார் வீட்டில் நிச்சயம், பிரியாணி. கோயிலிலிருந்து வீட்டுக்கு ஏரிக்கரை மேல் ஏறி இறங்கினால் பத்து நிமிட நடை. வரிசைத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஊர்வலமாக நடந்தே போவது என்று முடிவானது. மாப்பிள்ளையின் அப்பா சவரிமுத்துவுக்கு மட்டும் முட்டி வலி.

சவரிமுத்து அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்தவர். பெரிய உடம்பு, பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். வேலை பார்த்த காலத்தில் ஒரு விபத்துகூட இல்லை, ஒரு கோழிகூட அடிபட்டதில்லை என்று பெண் பார்க்க வந்த அன்றே சொல்லியிருந்தார். மற்றவர்கள் அவர் பையனின் சம்பளத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அவர் இதைச் சொன்னார்.

"சம்பந்தி நடக்க வேணாம். நம்ம மாப்ள கார்ல இட்டாருவாரு" என்றார் என் மாமனார். பிறகு, வேண்டாத ஒரு வாக்கியத்தையும் சேர்த்தார். "பிரேக் கம்பெனில பெரிய வேலைல கீறாரு."

சவரிமுத்து முன்னால் உட்கார்ந்தார். பின்னால் ஸ்டெல்லாவும், சவரிமுத்துவின் அக்காவும். அக்காவின் மடியில் நிச்சயப் புடவையும் ஆப்பிளும் வைத்த பெரிய தட்டு. காலையில் வீட்டிலிருந்து கோயில் வரைக்கும் நான் தனியாக ஓட்டி வந்தபோது எதுவும் ஆகவில்லை. வழியில் யாரும் இல்லை, கோயில் வாசலில் நான்கு மிதிக்கு நேரமும் இருந்தது. இப்போது காரில் நான்கு பேர். ஒருவர் சவரிமுத்து, அவரை இரண்டாகக் கணக்கிடலாம்.

ஏரிக்கரை ஏற்றத்தில் ஏறினோம். உச்சிக்கு வந்ததும் இறக்கம் தெரிந்தது. இறக்கத்தின் நடுவில், சாலையை முழுக்க அடைத்துக்கொண்டு, பட்டுப் புடவைகளும் தட்டுகளுமாக மாப்பிள்ளை வீட்டு ஊர்வலம். எல்லோருக்கும் முன்னால் கோட்டு போட்ட மாப்பிள்ளை.

பிரேக்கை மிதித்தேன். பெடல் தரைக்குப் போனது. ஒன்று. மறுபடி மிதித்தேன். இரண்டு. மூன்று. நான்கு. நான்காவதும் பஞ்சு. ஐந்தாவது மிதிக்கு என்னிடம் எந்தத் திட்டமும் இல்லை.

"மிதிங்க! மிதிங்க!" என்று பின்னாலிருந்து ஸ்டெல்லா கத்தினாள்.

"மிதிச்சுட்டுதான் இருக்கேன்!"

சவரிமுத்து என் காலைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார். கை பிரேக்கைப் பிடித்து இழுத்தார். அது சுலபமாக மேலே வந்தது. அவர் கையில் இருந்த அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

நான் ஹாரனை அடித்தேன். அது நான் செய்த இன்னொரு தவறு. நிச்சயத்துக்குப் போகிற ஊர்வலத்தின் பின்னால் ஒரு கார் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தால் அதை யாரும் ஆபத்து என்று நினைக்க மாட்டார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சந்தோஷமாகக் கையசைத்தார்கள். இரண்டு பேர் செல்போனில் வீடியோ எடுத்தார்கள். (அந்த வீடியோ இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடும்.)

அப்போது சவரிமுத்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். ஊர் ஊராக பஸ் ஸ்டாண்டுகளில் ஒலித்த குரல் அது.

"ஓரம் போ! ஓரம் போ! பிரேக் இல்ல! எல்லாம் ஓரம் போ!"

ஊர்வலம் நடுவில் பிளந்தது. புடவைகள் இடது பக்கமும் வேட்டிகள் வலது பக்கமும் ஒதுங்கின. மாப்பிள்ளை கோட்டோடு ஒரு வேலிக்காத்தான் புதருக்குள் தாவினார்.

"கிளட்ச்ச வுடு" என்றார் சவரிமுத்து என்னிடம். இப்போது குரலில் சத்தமே இல்லை.

"ஆங்?"

"கிளட்ச்ச மிதிச்சிகினு கீற. வுடு. ஒன்னாவது கியர்ல தள்ளிட்டு வுடு."

தள்ளினேன், விட்டேன். கார் ஒரு முறை குலுங்கி, கனைத்து, வேகம் பாதியாகக் குறைந்தது. உண்மையைச் சொன்னால் அதற்கு முன்பும் பெரிய வேகம் ஒன்றும் இல்லை. பக்கத்தில் ஒருவர் ஓடி வந்தால் எங்களைத் தாண்டிப் போயிருப்பார். நிற்கவில்லை என்பதுதான் பிரச்சனை. இறக்கத்தின் அடியில் புதிய மனைப்பிரிவு. அங்கே எப்போதும் யாராவது வீடு கட்டிக்கொண்டிருப்பார்கள், சாலையோரம் எப்போதும் எம்-சாண்ட் கொட்டிக் கிடக்கும். சவரிமுத்து வலது கையை நீட்டி ஸ்டியரிங்கைப் பிடித்து அந்தக் குவியலை நோக்கித் திருப்பினார். கார் மணலின் மேல் பாதி வரை ஏறி, மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, மூச்சை விட்டு அணைந்தது.

நின்ற குலுக்கலில் பின் சீட்டிலிருந்து ஒரு ஆப்பிள் மட்டும் பறந்து வந்து என் மடியில் விழுந்தது. அக்கா தட்டை மார்போடு அணைத்தபடி 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டிருந்தார். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

எல்லோரையும் வரவேற்க முன்னதாகவே கிளம்பிப் போய் வீட்டு வாசலில் காத்திருந்த என் மாமனார் ஓடி வந்தார். மணல் மேட்டில் ஏறி நிற்கும் தன் காரைப் பார்த்தார். அதிர்ச்சியில் மனிதர்கள் என்ன பேசுவார்கள் என்று சொல்லவே முடியாது.

"இன்னா மாப்ள, வூடு இன்னும் ரெண்டு மனை தள்ளி கீதே" என்றார்.

இதுவரை சிரிப்பாக இருந்தாலும், அதற்கப்புறம் நடந்த அரைமணி நேரம் சிரிப்பாக இல்லை. எல்லோரும் வீட்டு முன்னால் போட்டிருந்த பந்தலில் வந்து உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை கோட்டிலிருந்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். சவரிமுத்துவின் அக்கா தட்டைக் கீழே வைக்கவில்லை. "எனக்கு மனசு சரியில்ல தம்பி. இன்னொரு நாள் வெச்சிக்கலாம். ஆரம்பமே இப்டி ஆச்சுன்னா..." என்று தம்பியிடம் சொன்னார்.

'இன்னொரு நாள்' என்பதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஷீலா பட்டுப் புடவையில் நிலைப்படியில் நின்றிருந்தாள். அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. அழுதிருந்தால் தேவலாம் போலிருந்தது.

சவரிமுத்து ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தார். மீசையைத் துடைத்தார். "அந்த பிரேக்ல யார் கை வெச்சது?" என்று கேட்டார்.

என் மாமனார் எழுந்தார். "பழைய வண்டிங்க சம்பந்தி. நான்தான் சரியா கவனிக்கல. எம் மேலதான் தப்பு" என்றார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வெயிலிலும் மழையிலும் ஊருக்கெல்லாம் கடிதம் கொடுத்த மனிதர், செய்யாத தவறுக்குத் தலைகுனிந்து நிற்பதைப் பார்த்ததும் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"அவர் இல்லீங்க. நான்தான்" என்றேன்.

"நீயா?"

"கீச்சுனு சத்தம் வந்துச்சு. சரி பண்றேன்னு மொத்தத்தையும் கழட்டிட்டேன். நாலு தடவ மிதிச்சா பிடிக்கும்னு தெரியும். பிடிக்காமலும் போகும்னு தெரியல. மாமா கேட்டப்ப அவரையும் ஏமாத்திட்டேன். உங்கள உள்ள உக்கார வெச்சிருக்கக் கூடாது."

"இன்னா வேல பாக்கற நீ?"

"பிரேக் கம்பெனி."

"அங்க இன்னா வேல?"

"தரக் கட்டுப்பாடு."

அவர் என்னையே பார்த்தார். மீசை ஒரு பக்கமாக அசைந்தது. நான் அடி விழப்போகிறது என்று நினைத்தேன். பிறகு வயிறு குலுங்க ஆரம்பித்தது. பிளாஸ்டிக் நாற்காலி கிரீச்சிட்டது. சிரிக்கிறார்! முட்டி வலியை மறந்து தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார், கண்ணில் தண்ணி வரச் சிரித்தார்.

"இத்தினி வருஷம் பஸ்ஸு ஓட்டிக்கீறேன். மலைல, மழைல, எல்லாம் ஓட்டிக்கீறேன். ஒரு நாள் பயந்தது கெடையாது. இன்னிக்கி பயந்தேன் பாரு, நடந்து போற வேகத்துல!" என்று சொல்லி மறுபடி சிரித்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். "அக்கா, தட்ட கீழ வை. தப்ப ஒத்துக்கற ஆளு ஒருத்தன் இந்த வூட்ல கீறான். அது போதும். பொண்ண கூப்புடு."

நிச்சயம் நடந்தது. ஒரு ஆப்பிள் மட்டும் குறைந்தது.

சாப்பாடு முடிந்ததும் சவரிமுத்து மணல் மேட்டுக்கே போய் காரைச் சுற்றிப் பார்த்தார். முன்பக்கம் தூக்கி நின்றதால் எல்லாம் நன்றாகத் தெரிந்தது. ஸ்டெல்லா பட்டுப் புடவையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு குனிந்து, "இந்த நிப்பிள் ரெண்டும் கீழ இருக்கே, அப்படித்தான் இருக்கணுமா?" என்று அவரிடம் கேட்டாள்.

அவர் குனிந்து பார்த்தார். "கரெக்டு பொண்ணு. காத்து எப்பவும் மேலதான் போய் நிக்கும். நிப்பிள் கீழ கீது. எண்ண மட்டும் வரும், காத்து உள்ளயே குந்திகினு இருக்கும். வருஷம் பூரா மிதிச்சாலும் போவாது." என் பக்கம் திரும்பினார். "லெஃப்ட் ரைட்டு மாத்தி மாட்டிக்கீற."

பெயின்ட் காய வைத்தபோது பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தேன் என்று சொன்னேன் இல்லையா, அங்கேதான் மாறியிருக்கிறது. ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"டிசைனா?"

மறுநாள் ஒரு மெக்கானிக் வந்து காலிப்பர் இரண்டையும் இடம் மாற்றி மாட்டி, கை பிரேக்குக்கு ஸ்பிரிங் போட்டு, காற்றை எடுத்துவிட்டுப் போனார். நான் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது என்று சொன்னால் அது மிகை. இரண்டு டீ.

ஷீலாவுக்குக் கல்யாணம் ஆகி இப்போது இரண்டு குழந்தைகள். நாங்கள் மறைமலை நகருக்கு எப்போது போனாலும், வண்டிச் சத்தம் கேட்டதும் சவரிமுத்து மாமா ஒரு செங்கல்லோடு வெளியே வருவார். என் வண்டிச் சக்கரத்துக்கு முன்னால் அதை வைத்து, காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "வாங்க, சாப்டலாம்" என்பார். பைக்கில் போனாலும் செங்கல்தான். ஒரு தடவை அவர் பேரனின் மூன்று சக்கர சைக்கிளை நான் தள்ளிக்கொண்டு வந்தேன். அதற்கும் வைத்தார்.

போன வருடம் எனக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது. மூன்றாம் நாள் வராந்தாவில் காற்றாட இருக்கட்டும் என்று சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மருந்து மயக்கத்தில் அப்படியே கண் அசந்துவிட்டேன். நர்ஸ் சத்தம் போடுவது கேட்டு விழித்தேன்.

"ஆஸ்பத்திரிக்குள்ள யாரு இந்த செங்கல்ல கொண்டாந்தது? சக்கரத்துக்கு அடில வேற வெச்சிருக்கீங்க! இந்தச் சேருக்கு பிரேக் இருக்குங்க, பாருங்க" என்று அந்த அம்மா பிரேக்கைத் தட்டிக் காட்டினார்.

எதிர் பெஞ்சில் பழப் பையை மடியில் வைத்துக்கொண்டு சவரிமுத்து மாமா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்டெல்லா முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"பிரேக் கீதும்மா, தெரியும்" என்றார் மாமா, ரொம்பப் பணிவாக. "உக்காந்துகினு கீறது யாருன்னு உனுக்குத் தெரியாது."

நான் சிரிக்க முயன்றேன். தையல் இழுத்தது.